பார்கின்சன் உள்ள அப்பா மேசை மேல் இருக்கும் டம்ளரை எடுக்கத் தடுமாறுகிறார், உருண்டு வரும் பந்தை மட்டும் சட்டென்று பிடிக்கிறார். நடிக்கிறாரா?

நடிப்பு இல்லை. இந்த நோயில் அப்படித்தான் நடக்கும்.

சும்மா இருக்கும் டம்ளரை எடுக்க, எப்போது கிளம்புவது, எவ்வளவு வேகம் என்பதை மூளையே முடிவு செய்ய வேண்டும். அதில், மூளையின் ஆழத்தில் இருந்து அசைவுகளை ஒழுங்குபடுத்தும் பேசல் கேங்லியா என்ற பகுதிக்குப் பெரிய பங்கு. இந்நோயில் டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் குறையும்போது அடிபடுவதும் அதுதான். உருளும் பந்தோ நேரத்தையும் இடத்தையும் தானே சொல்லிவிடுகிறது. பார்வையிலிருந்து சிறுமூளை வழியாகக் கைக்குப் போகும் பாதை அவ்வளவாகக் கெடுவதில்லை. 1998-இல் வந்த ஓர் ஆய்வில், நின்ற பந்தை எடுக்க மெதுவாகக் கை நீட்டிய நோயாளிகள், உருளும் பந்தை மற்றவர்கள் வேகத்திலேயே பிடித்தார்கள்.

அவர் கையைக் கவனித்துப் பாருங்கள். தசைக்குப் போகும் முதல் உந்துதல் சிறிதாக இருப்பதால் கை பாதியிலேயே வேகம் இழக்கும். விரல்கள் தாமதமாக விரியும். கடைசி நாலைந்து அங்குலம், கண்ணால் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே நகரும். கை எங்கே இருக்கிறது என்ற உள்ளுணர்வும் மங்குவதால், கண்ணைத்தான் நம்பியாக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நீட்டச் சொன்னால் பெரும்பாலும் எட்டாமல் முன்பே நின்றுவிடும். தன் கண்ணுக்குத் தெரியாத சட்டையின் கழுத்துப் பொத்தான் படுத்தும் பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம்.

நடுக்கத்தைக் குறை சொல்லாதீர்கள். விநாடிக்கு 4 முதல் 6 முறை வரும் அந்த ஆட்டம் கை ஓய்வில் இருக்கும்போதுதான் அதிகம். நீட்டினால் பெரும்பாலும் குறையும்.

வெள்ளை மேசையில் எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். நிற வேறுபாட்டைப் பிரித்தறியும் திறனும் இந்நோயில் குறைகிறது. அடர் நிற விரிப்பு போடுங்கள், வெளிச்சம் கூட்டுங்கள். எடுக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். "சீக்கிரம்" என்பதைவிட "டம்ளரைப் பாருங்க, கையை நல்லா நீட்டுங்க" என்பது உதவும். கையெழுத்து சுருங்கினால் நாலு கோடு நோட்டு கொடுங்கள். கோட்டைப் பார்த்து எழுதும்வரை எழுத்து பெரிதாக நிற்கும்.

டோபமினை ஈடுகட்டும் மருந்தான லெவோடோபா வேகத்தைக் கூட்டும், ஆனால் கண்ணை நம்பும் தேவை முழுதாகப் போகாது. பருப்பு, முட்டை, பாலோடு சேர்ந்தால் சிலருக்கு மருந்து சரியாக வேலை செய்யாது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். டம்ளரை நெருங்க நெருங்கக் கை அதிகமாக ஆடினாலோ, தாண்டிப் போனாலோ அது பார்கின்சனின் வழக்கமான அறிகுறி அல்ல. அதை நரம்பியல் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.