சாயும் கட்டடம்: நேராக்கினால் உச்சி வெட்டுப்படுகிறதா?

படம் எடுத்தால் உயரமான கட்டடம் பின்னால் சாய்ந்து தெரிகிறது, படத்தைத் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் நேராக்கினால் உச்சி வெட்டுப்பட்டுக் குட்டையாகிறது என்கிறீர்கள். லென்ஸில் கோளாறு இல்லை. கேமராவை மேல்நோக்கிச் சாய்த்ததும், உள்ளே படத்தைப் பதிவு செய்யும் சென்சார் சுவருக்கு இணையாக இருப்பதில்லை. அதனால்தான் செங்குத்துக் கோடுகள் மேலே குவிகின்றன.

முடிந்தவரை பின்னால் தள்ளி நின்று, கேமராவைச் சாய்க்காமல் எடுங்கள். கீழே தரை நிறைய வரும், வரட்டும், பிறகு வெட்டிக்கொள்ளலாம். இடம் இல்லையென்றால் அகலமான லென்ஸில் சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு எடுங்கள்; நேராக்கும்போது வெட்டுப்படுவது அந்த வெற்றிடம்தான்.

அப்புறம், செங்குத்துத் திருத்தத்தை முழுக்கத் தள்ளாதீர்கள். அண்ணாந்து பார்க்கும் கோணத்தில் துளி சாய்வு இருந்தால்தான் கண் நம்பும். குட்டையாகத் தெரிவதற்கு அங்கேயே இருக்கும், அகல உயர விகிதத்தை மாற்றும் ஆஸ்பெக்ட் ஸ்லைடரை லேசாக நகர்த்துங்கள், உயரம் திரும்பிவிடும். கறுப்பு வெள்ளையாக்கி நீல ஸ்லைடரைக் குறைத்தால் நீல வானம் இருண்டு கட்டடம் எடுப்பாக நிற்கும். ரொம்பக் குறைத்தால் ஓரங்களில் வெள்ளைக் கோடு வரும், கவனம்.