தேங்காய்க்கு மூன்று கண், சூரியகாந்திக்கு 55 சுருள்: கேள்வி பதில்

செடிகொடிகளில் தெரியும் வடிவ ஒழுங்கு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: தேங்காய்க்கு ஏன் சரியாக மூன்று கண்?

தென்னையின் பெண்பூவில் சூலகம் மூன்று சூலிலைகள் (சூலகத்தின் அடிப்படைப் பகுதிகள்) ஒட்டி உருவானது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கண். மூன்றில் ஒன்றுதான் விதையாக வளர்கிறது, மற்ற இரண்டும் நின்றுவிடுகின்றன. அதனால்தான் ஒரு கண் மட்டும் விரல் நகத்துக்கே இளகும், முளையும் அதன் வழியாகத்தான் வரும். பனையில் பெரும்பாலும் மூன்றுமே வளர்ந்துவிடும். நுங்கில் நாம் நோண்டித் தின்பது அந்த மூன்றையும்தான்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். உரித்த வாழைப்பழத்தின் நுனியில் விரலை வைத்து மெல்ல அழுத்துங்கள். நீளவாக்கில் மூன்றாகப் பிரியும். தென்னை, பனை, வாழை போன்ற ஒருவித்திலைத் தாவரங்களில் பூவின் உறுப்புகள் பெரும்பாலும் மூன்று மூன்றாகவே வரும். இருவித்திலையில் ஐந்து அதிகம்: செம்பருத்தியின் இதழ்கள், குறுக்கே நறுக்கிய வெண்டைக்காய், பப்பாளியின் நடுவே தெரியும் நட்சத்திரம்.

கேள்வி: சூரியகாந்தியில் சுருள்களை எண்ணினேன். ஒரு பக்கம் 34, மறுபக்கம் 55. செடிக்குக் கணக்குத் தெரியுமா?

தெரியாது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமே அதுதான்.

செடியின் வளர்நுனியில், கண்ணுக்குத் தெரியாத அளவில், மொட்டுகள் ஒவ்வொன்றாக முளைக்கின்றன. ஏற்கெனவே முளைத்த மொட்டு தன்னைச் சுற்றியிருக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனை இழுத்துக்கொள்கிறது. ஆகவே அதற்குப் பக்கத்தில் இன்னொன்று கிளம்ப முடியாது. அடுத்தது, எங்கே இடம் தாராளமாக இருக்கிறதோ அங்கே வரும். விதி இவ்வளவுதான். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் ஒரு மொட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே கோணம் சுமார் 137.5 பாகையில் வந்து நிற்கிறது. அரைச் சுற்று என்றால் இரண்டு வரிசை, மூன்றில் ஒரு சுற்று என்றால் மூன்று வரிசை, நடுவில் வெற்றிடம் வீணாகும். 137.5-இல் ஒன்றின் நேர்ப்பின்னால் இன்னொன்று வரவே வராது. அப்படி நெருங்கி அடுக்கும்போது நம் கண்ணில் படும் சுருள்களின் எண்ணிக்கைதான் 34, 55, 89. முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும் இந்த வரிசைக்கு ஃபிபனாச்சி எண்கள் என்று பெயர்.

இதற்குச் செடியே வேண்டாம் என்று 1992-இல் பிரான்ஸில் துவாடி, கூடர் என்ற இரு இயற்பியலாளர்கள் காட்டினார்கள். காந்தத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக ஒரு தட்டின் நடுவில் விட்டார்கள். சொட்டுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகிப் போயின. சொட்டும் வேகத்தைக் கூட்டியதும் அதே சுருள்கள் வந்துவிட்டன!

கேள்வி: எனக்கு 29, 47 வந்தது. தப்பாக எண்ணிவிட்டேனா?

இல்லை. 2012-இல் கணினி அறிவியல் முன்னோடி ஆலன் டூரிங்கின் பிறந்த நூற்றாண்டை ஒட்டி, மான்செஸ்டரில் பொதுமக்களை வளர்க்கச் சொல்லி 657 சூரியகாந்திப் பூக்களை ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவற்றில் ஃபிபனாச்சி எண்கள். ஆனால் சிலவற்றில் வேறு வரிசைகளும் இருந்தன. உங்களுடையது லூகாஸ் வரிசை: 1, 3, 4, 7, 11, 18, 29, 47. அந்தப் பூவைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இந்த ஃபிபனாச்சி எண்களை, அந்தப் பெயருடைய இத்தாலியர்தான் கண்டுபிடித்தாரா?

அவர் எழுதியது 1202-இல். அதற்கு முன்பே இந்திய அறிஞர்களான விரகாங்கர், பிறகு 1150 வாக்கில் ஹேமசந்திரர், யாப்புக்காக இவற்றைக் கணக்கிட்டிருந்தார்கள். நம் குறில் நெடிலை வைத்தே பார்க்கலாம். குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு. மூன்று மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? மூன்று. நான்கு மாத்திரையை? ஐந்து. ஐந்து மாத்திரையை? எட்டு. இப்படியே போகும்.

கேள்வி: நாட்டிலஸ் என்ற கடல் உயிரியின் ஓட்டில் தங்க விகிதம் (அடுத்தடுத்த ஃபிபனாச்சி எண்களை வகுத்தால் நெருங்கும் 1.618) இருப்பது உண்மையா?

இல்லை. அது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மடங்கில் விரியும் அழகான மடக்கைச் சுருள், அவ்வளவே. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு விரியும். தங்கச் சுருள் என்றால் ஏழு மடங்குக்குச் சற்றுக் குறைவாக விரிய வேண்டும்.

கேள்வி: எங்கள் தோப்பில் சில தென்னைகளின் ஓலை அடுக்கு இடப்பக்கமும் சில வலப்பக்கமும் சுழல்கிறது. நாற்றுக்குக் காய் எடுக்கும்போது இதைப் பார்க்க வேண்டுமா?

கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் டி. ஏ. டேவிஸ் 1960-களில் இதைத்தான் ஆராய்ந்தார். இரண்டு வகையும் ஏறத்தாழப் பாதிப் பாதி. இடச்சுழி மரங்கள் சற்றுக் கூடுதலாகக் காய்த்ததாகவும் பதிவு செய்தார். ஆனால் சுழி பரம்பரையாக வருவதில்லை என்பதும் அவர் கண்டதே. இடச்சுழி மரத்தின் காயை நட்டால் எந்தப் பக்கமும் சுழலலாம். அதனால் தாய்மரத்தின் காய்ப்பைப் பாருங்கள், சுழியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கு வீட்டில் காட்ட எது எளிது?

அன்னாசிப்பழம். சூரியகாந்தியில் எண்ணிக்கை வழுக்கிக்கொண்டே போகும். அன்னாசியில் ஒரு கண்ணிலிருந்து தொடங்கி, சாய்வாக ஏறும் ஒரு வரிசை முழுவதும் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வையுங்கள். பக்கத்து வரிசைக்கு வேறு நிறம். சுற்றி வந்தால் பெரும்பாலும் ஒரு திசையில் 8, எதிர்த்திசையில் 13 கிடைக்கும். எண்ணி முடித்த பிறகு தோலைச் சீவுங்கள்.