மன்றோ துரையின் கிளாஸ்

அன்புள்ள ஐயா,

நான் காவேரிப்பட்டணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். என் தாத்தா ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் வீட்டில் பட்லராக இருந்தவர். பித்தளை மூலை அடித்த மரப்பெட்டி ஒன்றை அவர் விட்டுச் சென்றார். அதனுள் ஆறு தடுப்புகளும், ஒயின் ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவையான டிகேன்டர் ஒன்று மூடியோடும், இரண்டு ஒயின் கிளாஸ்களும் இருக்கின்றன. அவற்றைத் துடைத்து வைக்கத் தொடங்கியதிலிருந்து இத்தகைய பொருள்களைத் தேடிச் சேர்க்கும் ஆசை வந்துவிட்டது. சென்ற மாதம் தருமபுரியில் பழைய பொருள் விற்கும் ஒருவர், பிற்காலத்தில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ துரை அங்கே இருந்த காலத்தில் பயன்படுத்தியது என்று சொல்லி ஒரு கிளாஸைக் காட்டினார். வெளிப்புறம் வைரக்கட்டம் போட்டது, கனமானது, கிண்ணத்தின் இருபுறமும் மேலிருந்து கீழாக நூல்போல ஒரு கோடு ஓடுகிறது. ரூ.12,000 கேட்கிறார். வாங்கலாமா? என் அண்ணனோ, ‘குடிக்கிற சாமானைக் கூடத்தில் வைக்காதே’ என்று கடிந்துகொள்கிறார். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. ஆனாலும் அவர் சொல்வது மனத்தை உறுத்துகிறது.

ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள நண்பருக்கு,

வாங்க வேண்டாம். நீங்கள் குறிப்பிட்டிருக்கும் அந்த இரண்டு கோடுகளே போதுமான சாட்சி. அவை இரண்டு பாதியாகத் திறக்கும் இரும்பு அச்சின் பொருத்துவாய்த் தடங்கள். உருகிய கண்ணாடியை அச்சில் ஊற்றி, பொறியால் அழுத்திக் கிளாஸ் செய்யும் முறை 1820களில் அமெரிக்காவில்தான் வளரத் தொடங்கியது. மன்றோவோ, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால் எனப்பட்ட நம் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, அதை நிர்வகித்த ராணுவ அதிகாரி அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக இங்கே வந்து, 1799இல் கன்னடக் கடற்கரைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். தருமபுரியில் அவர் வீடும் தோட்டமும் வைத்து வாழ்ந்தது உண்மைதான். ஆனால் அந்த வீட்டு மேசையில் இந்தக் கிளாஸ் இருந்திருக்க வழியில்லை. விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் கருதவில்லை; அவருக்கும் யாரோ அப்படிச் சொல்லித்தான் விற்றிருப்பார்கள். பொருளை வாங்கும்போது அதனோடு வரும் கதைக்கும் சேர்த்து விலை கொடுத்துவிடுவதுதான் இத்துறையில் நம் பணத்தைக் கரைக்கிறது.

மன்றோ காலத்துக் கிளாஸ் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால் அடுத்த முறை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். 1674இல் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற பிறகு, ஈயம் கலந்த கண்ணாடி அங்கே பரவியது. அது கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிடக் கனக்கும். விளிம்பை நகத்தால் மெல்லச் சுண்டினால் கோயில் மணியின் கார்வைபோல ஓசை நீளும். 1745இல் கண்ணாடிக்கு எடைக்கணக்கில் வரி விதித்தார்கள். அந்த வரி நூறு ஆண்டு நீடித்து 1845இல்தான் நீங்கியது. எடை கூடினால் வரியும் கூடும் என்பதால் கிண்ணங்கள் சிறுத்தன, பாதம் மெலிந்தது.

இனிக் கிளாஸைத் தலைகீழாகத் திருப்புங்கள். ஊதிச் செய்யும் காலத்தில், விளிம்பை வெட்டிச் சீராக்குவதற்காகப் பாதத்தின் நடுவில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடித்துக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் கம்பியைத் தட்டி முறிப்பார்கள். அந்த இடத்தில் ஆறாத தழும்புபோல ஒரு சொரசொரப்பு நிற்கும். அது மேசையைக் கீறாமலிருக்கத்தான் பழைய கிளாஸ்களின் பாதம் நடுவில் குடைபோல எழும்பியிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு முடியும் தறுவாயிலிருந்து தழும்பைத் தேய்த்து மெருகிடும் வழக்கம் பெருகியதால், தழும்பு இல்லை என்பதற்காக மட்டும் ஒன்றைப் புதியது என்று தள்ளிவிடக் கூடாது. அதைவிட நம்பத்தக்கது பாதத்தின் அடி விளிம்பு. நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் மேசைமேல் நகர்ந்த கிளாஸில் கீறல்கள் திசை தெரியாமல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். உப்புத்தாளால் தேய்த்துப் பழமை ஏற்றியதில் எல்லாக் கீறலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

டிகேன்டருக்கு மூடிதான் முக்கியம். ஒவ்வொரு மூடியையும் அதனதன் கழுத்துக்குத் தக்கபடி அரைத்துப் பொருத்தினார்கள். மாறிவிடாமலிருக்கப் பல பட்டறைகளில் மூடியின் அடியிலும் குடுவையின் வாயிலும் ஒரே எண்ணைக் கீறிவைத்தார்கள். பெங்களூரில் ஒரு கடையில் நான் ஆசைப்பட்டு வாங்கிய டிகேன்டரை வீட்டில் விளக்கடியில் வைத்துப் பார்த்தபோது, வாயில் 7, மூடியில் 11 என்று இருந்தது. கடையில் அரை நிமிடம் பொறுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. உங்கள் தாத்தாவின் டிகேன்டரில் எண் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

உள்ளே வெண்மை படர்ந்திருந்தால், கைப்பிடி அரிசியும் சிறிது வினிகரும் போட்டு மெதுவாகச் சுழற்றி, வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். கண்ணாடியே அரித்திருந்தால் எதுவும் உதவாது, அப்படியே விடுங்கள். ஈரம் முழுக்க உலர்ந்த பின்னும் மூடியை இறுக்கிப் போடாதீர்கள். எலுமிச்சைச் சாறு, ஊறுகாய், சர்பத் எதையும் அதில் ஊற்றி வைக்க வேண்டாம். புளிப்பு கண்ணாடியிலுள்ள ஈயத்தைக் கரைத்து இழுத்துக்கொள்ளும். இதில் விளையாட்டே கூடாது.

பெட்டியைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். எனக்கோ அதுதான் உங்களிடம் உள்ளவற்றில் சிறந்தது என்று படுகிறது. பித்தளை மூலைகள், பயணத்தில் அடிபடாமலிருக்க வைத்தவை. தானாகக் கழன்று நிற்கும் திருகாணி ஏதேனும் இருந்தால் எடுத்துப் பாருங்கள்: முனை மழுங்கி, தலையின் வெட்டு நடுவிலிருந்து சற்று விலகியிருந்தால், அது கையால் அராவியது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தியதாக இருக்கலாம். கூர்முனைத் திருகாணிகள் அதற்குப் பிறகே பரவின. இறுகியிருப்பவற்றைத் தொட வேண்டாம். சுரண்டி வார்னிஷ் அடிக்கலாம் என்று எந்த ஆசாரி சொன்னாலும் இணங்காதீர்கள். கைபட்டுக் கறுத்த மரத்தின் நிறம் ஒருமுறை போனால் போனதுதான். மேற்கொண்டு வாங்கும்போது தந்தம் பதித்தவற்றை விட்டுவிடுங்கள், அவற்றை விற்பதற்குச் சட்டம் இடம் தரவில்லை.

அண்ணன் சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் அமைச்சரவை மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தன. குடியால் சரிந்த வீடுகளை உங்கள் அண்ணனும் கண்டிருப்பார், நானும் கண்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பெட்டியை நான் குடித்தவரின் பெட்டியாகப் பார்க்கவில்லை. அதைச் சுமந்தவர்கள், கழுவியவர்கள், துடைத்து அடுக்கியவர்கள் நம்மவர்கள். கப்பல் பயணத்தில் சூடுபட்டால் சுவை கூடும் என்று மதீரா தீவின் ஒயினைப் பீப்பாய் பீப்பாயாக இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பனிக்கட்டி கிடைக்காத காலத்தில் அதைக் குளிரவைக்க, வெடியுப்பைக் கரைத்த தண்ணீரில் புட்டியைச் சுழற்றிக்கொண்டே இருக்க ‘ஆப்தார்’ என்று ஒரு வேலைக்காரரையே வைத்திருந்தார்கள். துரைமார்களின் பெயர் ஏடுகளில் இருக்கிறது, அந்தக் கைகளின் பெயர் இல்லை. உங்கள் தாத்தாவின் பெயராவது உங்களுக்குத் தெரியும். அண்ணனுக்குக் கூடம் உறுத்தினால் உங்கள் படிப்பறையில் வையுங்கள். ஆனால் அதை வெறும் குடிச்சாமான் என்று சொல்ல விடாதீர்கள்.

ரூ.12,000 உங்களிடமே இருக்கட்டும். வீட்டில் தாத்தாவை நேரில் பார்த்த பெரியவர்கள், அத்தையோ சித்தப்பாவோ, இன்னும் இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். அவர் எந்த ஊரில், யாரிடம், எத்தனை ஆண்டு வேலை பார்த்தார், பெட்டி எப்போது வீட்டுக்கு வந்தது, காலியாகக் கிடக்கும் தடுப்புகளில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். சொன்னவர் பெயரும் தேதியும் போட்டு எழுதி, அந்தத் தாளைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

அன்புடன்.