தோழிக்கு வேலை தேடும்போது 'ஏதாவது வேலை' என்று கேட்காதீர்கள்

கேள்வி: கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் எட்டு வருடமாகத் தைக்கிறேன். ஓடர் குறைந்துவிட்டது என்று போன மாதம் பக்கத்து லைனை மூடி, அதில் இருந்தவர்களை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி என் தோழி. அந்த லைனுக்கு மாறும்வரை ஐந்து வருடம் என் பக்கத்து மெசினில் இருந்தவள். மொத்தம் ஏழு வருடச் சேவை. விசுவமடுவில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள், கணவருக்குக் கூலி வேலை. தெரிந்த எல்லோரிடமும் 'ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்' என்று கேட்டுவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு வேலை இருக்க அவளுக்கு இல்லை என்பதால் அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. நான் என்ன செய்யலாம்?

பதில்: 'ஏதாவது வேலை' என்று கேட்டால் கேட்பவருக்கு ஒன்றும் தோன்றாது. "சரி, பார்ப்போம்" என்பார். பஸ் ஏறும்போதே மறந்துவிடுவார். அது அவருடைய கல்நெஞ்சு அல்ல. யாருக்கு, என்ன வேலை, எந்த ஊரில் என்று பிடித்துக்கொள்ள அந்தச் சொல்லில் ஒரு பிடியும் இல்லை. தொழிற்சாலை ஆளணிப் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். இப்படி வந்த நூறு சிபாரிசுகளில் ஒன்றுகூட இன்று ஞாபகத்தில் இல்லை. ஞாபகத்தில் நிற்பவை வேறு வகை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கடதாசி. வன்னியில் ஆவணப் பையின் அருமையை யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. இடம்பெயர்ந்தபோது பானை சட்டியை விட்டுவிட்டு அதைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் அதில் இருக்கும். தொழிற்சாலை தந்த கடதாசிகள் மட்டும் இருக்காது. ஆகவே நியமனக் கடிதம், கிடைத்தவரை சம்பளச் சீட்டுகள், நிறுத்தியபோது கொடுத்த கடிதம் எல்லாவற்றையும் அவர் ஒரு பையில் சேர்க்கட்டும். ஒவ்வொன்றையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

அந்தக் கடைசிக் கடிதத்தை நீங்களும் வாசியுங்கள். 'நிறுத்தப்படுகிறீர்கள்' என்று இருக்கிறதா, 'சுயவிருப்பில் விலகுகிறேன்' என்று அவரிடமே எழுதி வாங்கியிருக்கிறார்களா? இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒரு தொழிலாளியை நிறுத்த வேண்டுமானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். ஓடர் குறைந்ததால் நிறுத்துவதும் அந்தச் சட்டத்துக்குள் அடங்கும். ஏழு வருடக்காரிக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. கையெழுத்து வைத்துவிட்டாலும் சும்மா இருந்துவிட வேண்டாம். எந்த நிலையில் வைத்தார் என்பதைத் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் போய்ச் சொல்லட்டும். அதுவும் இந்த வாரமே. இத்தகைய முறைப்பாடுகளுக்குக் காலக்கெடு உண்டு; நாள் போகப்போக வழக்கு மெலிந்துவிடும்.

பணிக்கொடை, அதாவது சேவைக் காலத்துக்காக விலகும்போது நிறுவனம் தரும் தொகை, வேறு விடயம். ஐந்து வருடம் நிறைந்தவருக்கு, தானாக விலகியிருந்தாலும், அது உண்டு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி மாதச் சம்பளக்காரருக்குக் கணக்கு இப்படி: கடைசியாக எடுத்த மாதச் சம்பளத்தில் பாதி, அதை முடித்த வருடங்களால் பெருக்க வேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவு இதில் சேராது. சம்பளம் 40,000 என்று வைத்துக்கொண்டால் 20,000 தர 7, அதாவது 1,40,000 ரூபா. இதை விலகிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். போன மாதம் நிறுத்தினார்கள் என்கிறீர்கள். அந்த நாள் வந்துவிட்டதா என்று கலண்டரைப் பாருங்கள்.

ஊழியர் சேமலாப நிதியை (EPF) உடனே எடுக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். பொதுவாகப் பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலுமே அது கிடைக்கும். விதிவிலக்குகள் சில உண்டு. ஆனால் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி (ETF), தொழில்வழங்குநர் மாதம் சம்பளத்தில் 3 வீதம் கட்டுவது, வேலையை விட்டதும் எடுக்கக்கூடியது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. ஏழு வருடத்துக் காசு சும்மா கிடக்கிறது. விண்ணப்பம் நிரப்ப நீங்கள் கூடப் போங்கள். தனியாகப் போனால் 'நாளைக்கு வாருங்கள்' என்பார்கள். இரண்டு பேராகப் போனால் அந்தச் சொல் சற்றுக் குறையும்.

இவ்வளவையும் முன்னால் வைத்ததற்குக் காரணம், கையில் இரண்டு மாதத்துக்குக் காசு இருந்தால்தான் வருகிற முதல் வேலையில் விழாமல் நல்ல வேலையைத் தேடலாம் என்பதுதான். குழுக்கடன் இருந்தால் தவணை தவறுவதற்கு முன்பே கடன் கொடுத்த நிறுவனத்தின் அலுவலரிடம் போய்ப் பேசச் சொல்லுங்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள்: அவருக்காகப் புதிய கடனில் பிணை நிற்காதீர்கள். நாளைக்கு உங்கள் லைனும் மூடப்படலாம்.

இனி வேலை தேடும் விடயம். உங்களிடம் மட்டும் இருக்கிற ஒரு பொருள் இருக்கிறது: அவர் தைத்ததை ஐந்து வருடம் பக்கத்தில் இருந்து பார்த்த கண். மாவட்டச் செயலகத்தில் இருக்கும் மனிதவலு, வேலைவாய்ப்புப் பிரிவில் பெயரைப் பதிந்து வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் அந்த உத்தியோகத்தரால் இதைச் சொல்ல முடியாது. உங்களால் முடியும்.

ஆகவே ஒரு மாலை அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். சுயவிபரக்கோவையில் 'ஆடைத் தொழிற்சாலையில் ஏழு வருட அனுபவம்' என்று எழுதி நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். ஆள் எடுப்பவனுக்கு அது காற்று. எந்த மெசின்? ஓவர்லொக்கா, பிளாட்லொக்கா, சிங்கிள் நீடிலா? ரீசேட்டில் தோள் பொருத்தினாரா, கை மூட்டினாரா, கழுத்துப் பட்டி வைத்தாரா? வராதவளுடைய இடத்துக்கு எத்தனை தடவை மாற்றிப் போட்டார்கள்? புதுப் பிள்ளைகளைப் பழக்கியது யார்? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் "அது என்ன பெரிய வேலையா" என்று பதில் வரும். அதைத்தான் முதல் வரியில் போட வேண்டும்.

நான் மறக்காத சிபாரிசு ஒன்று. எங்கள் ஒபரேட்டர் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்று சொன்னாள்: "சேர், நான் சொல்கிற பிள்ளை கழுத்துப் பட்டி வைத்தால் அயன் பண்ணுகிறவளுக்கு வேலை இல்லை." ஒரே வசனம். அடுத்த நாளே அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன்.

குறுஞ்செய்தி எழுதுவதானால், வேறு தொழிற்சாலையில் இருக்கும் உங்கள் பழைய தோழிக்கு இப்படி எழுதலாம்:

"வணக்கம் அக்கா. என்னோடு வேலை செய்த ஒருவருக்காகக் கேட்கிறேன். ஓவர்லொக்கும் பிளாட்லொக்கும் ஏழு வருடம் தைத்தவர். தோள், கை இரண்டும் நன்றாக வரும். லைனை மூடியதால் நின்றவர், வேறு பிரச்சினை இல்லை. விசுவமடுவில் இருக்கிறார். உங்கள் இடத்து பஸ் அந்தப் பக்கம் வருகிறதா? ஆள் எடுக்கும்போது யாரிடம் பேச வேண்டும்?"

கடைசி இரண்டு கேள்விகளைப் பாருங்கள். 'வேலை எடுத்துத் தாருங்கள்' என்று கேட்டால் அவருக்குப் பாரம். பஸ் வருகிறதா என்று கேட்டால் தெரிந்த பதில், உடனே வரும். நம் பகுதியில் அதுதான் பெரிய கேள்வியும்கூட. விசுவமடுவிலிருந்து பரந்தன் சந்தியில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து ஆறரைக்குள் வாசலில் நிற்க வேண்டுமானால் விடிய முன் எழும்பிச் சமைக்க வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுவது யார்? ஆயிரம் ரூபா கூடுதலாக வந்தாலும் இது ஒத்துவராவிட்டால் மூன்று மாதத்தில் நின்றுவிடுவார். அதனால் புதுக்குடியிருப்புப் பக்கமும் விசாரியுங்கள். கிளிநொச்சி நகரை மட்டும் பார்க்க வேண்டாம்.

செய்தியை வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அடையாள அட்டைப் படத்தை ஒருபோதும் போடாதீர்கள். ஐந்து பேருக்குத் தனித்தனியாக அனுப்பினால் போதும். அதற்கு முன் அவரிடம் கேளுங்கள். வேலை போனது அயலுக்குத் தெரிவதை அவர் விரும்பாமல் இருக்கலாம்.

கூப்பிட்டால் மெசினில் இருத்தித் தைக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். இரண்டு மாதம் ஓய்ந்த கை முதல் பத்து நிமிடம் தடுமாறும். "புது மெசின், சற்றுப் பழகிக்கொள்கிறேன்" என்று கேட்டுவிட்டு நூலை மாற்றிக் கோத்து, வெட்டுத் துணியில் இரண்டு ஓட்டம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பதைத் தவறாக எடுக்கமாட்டார்கள். மெசின் தெரிந்தவள் என்றே நினைப்பார்கள்.

தையல் கிடைக்காத நாட்களுக்கு, பெரும்போக அறுவடைக் காலத்தில் அரிசி ஆலைகளும் நெல் களஞ்சியங்களும் ஆள் எடுக்கும். இடைக்காலத்துக்கு அது சரி. ஏழு வருடக் கைத்தொழிலைக் கைவிட அவசரப்பட வேண்டாம். தையல் மெசின் இயக்குவதற்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உண்டு. படிக்காமல், செய்த அனுபவத்தை மதிப்பிட்டே அதைப் பெறும் வழியும் உண்டு. நைட்டா (NAITA) என்ற அரச பயிற்சி நிறுவனத்திலோ தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ விசாரியுங்கள். சுணங்கும் வேலைதான், ஆனால் வீட்டில் இருக்கும் நாட்களில் செய்யத் தக்கது.

மத்திய கிழக்கு என்று யாராவது வீட்டுக்கு வந்தால், காசோ கடவுச்சீட்டோ கைமாறும் முன் 1989 என்ற எண்ணுக்கு அழைத்து அந்த முகவர் நிலையத்துக்கு உரிமம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் கேட்கட்டும்.

கூச்சம் என்றீர்கள். அதற்கு மருந்து எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் கூச்சத்தில் ஒதுங்குவதை அவர் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார். சனிக்கிழமை பின்னேரம் விசுவமடுவுக்குப் போங்கள். பேனையும் கொப்பியும் கொண்டு போங்கள். ஐந்து பேருக்கும் எழுதிய பின் பத்து நாள் பொறுத்து, பதில் தராதவர்களுக்கு ஒருமுறை அழைத்துக் கேளுங்கள்: "அக்கா, அந்த ஓவர்லொக் பிள்ளையைப் பற்றிச் சொன்னேனே?"