சுவரில் பட்ட கல் திரும்பும் என்று யார் சொன்னது?

கேள்வி: வந்தாறுமூலையில் படிக்கும் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, பழைய பிக்சல் பாணியில் ஒரு அக்‌ஷன் ஆர்பிஜி கேம் (நாயகனாகவே கதைக்குள் நடந்து சண்டை பிடிக்கும் வகை) செய்கிறோம். மட்டக்களப்பு வாவியைச் சுற்றி நடக்கும் கதை. நாயகன் கையில் கெற்றப்போல் (கவண்). சண்டையும் அதால்தான், புதிரும் அதால்தான். கேம் செய்யும் மென்பொருள் கோடோ இன்ஜின். முதல் அரை மணி நேர டெமோவை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். சண்டை எல்லோருக்கும் பிடித்தது. ஆனால் முதல் புதிரிலேயே அநேகமானவர்கள் நின்றுவிட்டார்கள். அதில் தூணுக்குப் பின்னால் இருக்கும் சில்லைக் கல்லால் அடித்து, தண்ணீரை மறிக்கும் வான்கதவைத் திறக்க வேண்டும். நேரே அடிக்க முடியாது, சுவரில் பட்டுத் தெறிக்க வைக்க வேண்டும். தமிழ் வசனத்தை வாசிக்க முடியவில்லை என்றும் சொன்னார்கள். என் லெப்டொப்பில் அழகாக இருக்கும் படம் நண்பனின் பழைய லெப்டொப்பில் கோணலாகத் தெரிகிறது. அடுத்து ஒரு நீர்மட்டப் புதிரும், மீன் பாடும் சத்தத்தை வைத்து ஒரு புதிரும் செய்ய ஆசை. திரைப் படமும் டெமோவும் இதோடு அனுப்புகிறேன். எதை முதலில் சரிசெய்வது?
கல்லடியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, முதலில் படம். அது ஒரு பின்னேர வேலை, மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. எழுத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூட மினக்கெட வேண்டும். உங்களை உண்மையில் வேலை வாங்கப்போவது புதிர்தான். மூன்று முறைப்பாட்டிலும் குறை ஒன்றுதான்: திரையில் இருப்பது செய்த உங்களுக்கு விளங்குகிறது, விளையாட வந்த பிள்ளைக்கு விளங்கவில்லை.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தால் கேமின் அடிப்படை அளவு 320×180, அதாவது அகலம் 320 பிக்சல் (திரைப் புள்ளி), உயரம் 180. நல்ல தேர்வு. பழைய கேம் கருவிகளான சூப்பர் நின்டெண்டோவில் 256×224, கேம்போய் அட்வான்ஸில் 240×160 என்று ஓடிய பாணிக்கு இன்றைய அகலத் திரையில் கிட்ட வரும் அளவு இது. 1920×1080 திரையில் சரியாக ஆறு மடங்கு, அதனால் உங்கள் லெப்டொப்பில் பிழை தெரியவில்லை. நண்பனுடையது 1366×768 ஆக இருக்க வேண்டும். பழைய லெப்டொப்புகளில் அதுதான் வழக்கம். 1366ஐ 320ஆல் வகுத்தால் 4.27 சொச்சம் வரும். ஒரு பிக்சலை 4.27 பிக்சலாகக் காட்ட முடியாது. இன்ஜின் சிலதை நாலாக நீட்டும், சிலதை ஐந்தாக நீட்டும். நாயகனின் ஒரு கண் மற்றதைவிடப் பெருத்துப்போவது அதால்தான்.

கோடோ 4.2 முதல், படத்தைத் திரைக்கேற்ப நீட்டும் ஸ்ட்ரெச் பகுதியில் ஸ்கேல் மோட் என்று ஒன்று இருக்கிறது. அதை இன்டிஜர் ஆக்கிவிட்டால் முழு மடங்கில் மட்டும் பெருக்கும். நண்பனின் திரையில் 1280×720 வரும், இரண்டு பக்கமும் 43 பிக்சல், மேலும் கீழும் 24 பிக்சல் கறுப்புக் கரை விழும். ஒருவரும் அதைக் கவனிக்கப்போவதில்லை. கூடவே, பெருக்கும்போது பிக்சலை மழுக்கும் டெக்ஸ்சர் ஃபில்டரை நியரெஸ்ட் ஆக்குங்கள், இல்லாவிட்டால் எல்லாம் பனிமூட்டமாகத் தெரியும். பழைய லெப்டொப்பில் ஓட வேண்டுமென்றால் படத்தை வரையும் பகுதியான ரென்டரரைக் கொம்பட்டிபிலிட்டிக்கு மாற்றுங்கள். பிற்பாடு மாற்றினால் வெளிச்சமும் நிழலும் வேறு மாதிரி வரும், அதனால் இப்போதே செய்வது நல்லது.

சரி, எழுத்துக்கு வருவோம். ஆங்கிலம் 8×8 கட்டத்துக்குள் அடங்கிவிடும். தமிழுக்கு அது காணாது. ‘ண’ ஒன்றை மட்டும் கட்டத்தாளில் வரைந்து பாருங்கள்: நிற்கும் கோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பிக்சல், நடுவில் ஒரு பிக்சல் இடைவெளி, சுழிக்குள் ஓர் ஓட்டை என்று கணக்குப் பார்த்தாலே எட்டைத் தாண்டிவிடும். ‘ணை’ வந்தால் கேட்கவே வேண்டாம். ‘கீ’க்கு மேலேயும் ‘கூ’வுக்குக் கீழேயும் இடம் விட வேண்டும். ‘ர’வுக்கும் ‘கா’வில் வரும் அரவுக்கும் உள்ள வித்தியாசம் அடியில் ஒரு சாய்ந்த வால்தான், சிறிய கட்டத்தில் முதலில் காணாமல் போவது அந்த வால். மெய்யெழுத்தின் புள்ளி ஒரே ஒரு பிக்சல், அது மங்கினால் ‘கல்’ ‘கல’ ஆகிவிடும். உங்கள் பிள்ளைகளின் கண்ணில் பிழை இல்லை.

பன்னிரண்டு பிக்சல் உயரத்தில் கையால் ஒரு தமிழ் எழுத்துரு வரையலாம். 320 அகலத்தில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல்தான் கொள்ளும், வசனப் பெட்டி திரையில் பாதியைத் தின்னும். என் யோசனை வேறு: உலகத்தைச் சிறிய பிக்சலில் வரையுங்கள், எழுத்தைத் திரையின் முழு அளவில் விடுங்கள். கேமின் அடிப்படை அளவை 640×360 ஆக்கி, ஸ்ட்ரெச் மோட்டைக் கன்வஸ் ஐட்டம்ஸ் என்று வையுங்கள். உலகத்தை ஒரு சப்வியூபோர்ட் கன்டெய்னருக்குள் (திரைக்குள் ஒரு தனிச் சிறு திரை) போட்டு, அதில் ஸ்ட்ரெச்சை ஒன் செய்து, அளவைக் குறைக்கும் ஷ்ரிங்குக்கு 2 கொடுங்கள். உள்ளே பழையபடி 320×180தான். நண்பனின் திரையில் உலகத்தின் ஒரு பிக்சல் நாலாகவும் உங்கள் திரையில் ஆறாகவும் விரியும். வெளியே நிற்கும் எழுத்தை 16 அளவில் வைத்தால் அங்கே 32, இங்கே 48 பிக்சலில் கூர்மையாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு இலவசம், அதையே போடலாம். இரண்டு அளவுப் பிக்சலை ஒரே திரையில் கலந்துவிட்டான் என்று பிக்சல் பக்தர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், வசனம் வாசிக்கப்படுவது முக்கியம்.

இன்ஜின் கோடோ 4தானே? 3இல் என்றால் மாறிவிடுங்கள். அதில் ‘கொ’வின் கொம்பு பிழையான பக்கத்தில் விழும். 2023 மார்ச்சில் வந்த 4.0இலிருந்துதான் தமிழ் போன்ற எழுத்துகள் ஒழுங்காகக் கோக்கப்படுகின்றன. அதிலும் ஒரு பொறி உண்டு. ஆர்பிஜிகளில் வசனம் எழுத்தெழுத்தாக விழுமே, அந்த இடம். “எங்க மனே போறாய்?” என்ற வரியில் ‘போ’ வரும்போது முதலில் ‘ப’ தனியே தோன்றி, ஒரு நொடித்துண்டு கழித்து ‘போ’ ஆகத் துள்ளி, பின்னால் வருவதைத் தள்ளும். வரியின் கடைசிச் சொல் பாதி வந்த பிறகு அடுத்த வரிக்குப் பாயும். வசனப் பெட்டியின் விசிபிள் கரக்டர்ஸ் பிஹேவியர் என்ற இடத்தில் ஆஃப்டர் ஷேப்பிங் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். முழு வரியையும் முதலே கோத்துவிட்டு, மறைத்திருந்ததைத் திறந்துகொண்டு போகும்.

இனிப் புதிர். சுவரில் பட்ட கல் தெறித்துத் திரும்பும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொன்னது? மாமரத்துக்குக் கெற்றப்போல் அடித்து வளர்ந்த பிள்ளைக்குத் தெரிந்தது, சுவரில் பட்ட கல் பொத்தென்று கீழே விழும் என்பதுதான். அரை மணி நேரம் கல்லை நேராக அடிக்கப் பழக்கிவிட்டு, புதிர் அறைக்குள் திடீரென்று வேறு சட்டம் கேட்கிறீர்கள். அவர்கள் மூளையைக் குறை சொல்ல முடியாது. “கல் தெறிக்கும்” என்று ஒரு பலகை நட்டுவிடலாம் என்று நினைப்பீர்கள். பலகையை ஒருவரும் வாசிக்கமாட்டார்கள்.

இந்த வகைக் கேமில் புதிரைச் சண்டையில்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ரேடிக்கல் ஃபிஷ் கேம்ஸ் என்ற ஜெர்மானியக் குழு 2018இல் வெளியிட்ட கிராஸ்கோட் உங்கள் கேமுக்கு மிகக் கிட்டிய உறவு. அதன் நாயகி எறியும் பந்துதான் எதிரியை அடிக்கிறது, அதே பந்துதான் சுவரில் தெறித்துப் போய்ப் புதிரின் சுவிட்சையும் தட்டுகிறது. சண்டையில் கை பழகிய விஷயத்தைப் புதிர் மெதுவாக, யோசித்துச் செய்யச் சொல்கிறது. வாங்கி விளையாடாவிட்டாலும் ஆரம்பப் பகுதியின் வீடியோவையாவது பாருங்கள்.

உங்கள் டெமோவில் வான்கதவு அறைக்கு முந்திய அறையில் சும்மா இரண்டு எதிரிகள் நிற்கிறார்கள். அவர்களை எடுத்துவிட்டு ஒரு பெரிய களப்பு நண்டை வையுங்கள். முன்னால் இரண்டு கொடுக்கையும் மறிப்பாகப் பிடித்திருக்கும், நேரே அடித்த கல் ‘டிங்’ என்று விழும். ஒடுக்கமான அறை, நண்டுக்குப் பின்னால் கிட்டவே ஒரு சுவர். விளையாடுபவர் பதறிப்போய் நாலு பக்கமும் அடிப்பார். அதில் ஒரு கல்லாவது சுவரில் பட்டுத் தெறித்து நண்டின் முதுகில் விழும். அந்தக் கணத்தில் சத்தம், மினுக்கம், நண்டு மல்லாந்து விழுவது என்று எல்லாவற்றையும் கொட்டுங்கள். இரண்டாவது நண்டுக்கு அவர் வேண்டுமென்றே சுவரை அடிப்பார். அதன் பிறகு வான்கதவு அறைக்குள் விடுங்கள்.

அந்த அறையிலும் இரண்டு திருத்தம். தெறிக்க வைக்கும் சுவர் மற்றச் சுவரைப் போலவே இருக்கிறது. திரையைப் படம் எடுத்து நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அந்தச் சுவரும் சில்லும் அப்போதும் தனியே தெரிய வேண்டும், கேம் முழுக்கத் தெறிக்கும் சுவர் எல்லாம் அதே கல்வேலைப்பாட்டில் இருக்க வேண்டும். அடுத்தது, தவறவிட்டால் கதவு பூட்டிக்கொண்டு எதிரிகள் வருகிறார்கள். எடுத்துவிடுங்கள். யோசிக்கும் ஆளை அடிக்கக் கூடாது. கிராஸ்கோட்டில் வாங்கும் அடி, எதிரி தாக்கும் வேகம், புதிரின் வேகம் என்று மூன்றையும் தனித்தனியே குறைக்கும் வசதி இருக்கிறது. நீங்களும் முதலிலிருந்தே மூன்றுக்கும் தனி எண் வைத்து எழுதிவிட்டால் பிறகு சுலபம்.

திருத்திய பிறகு புதுப் பிள்ளைகளிடம் கொடுங்கள், பழைய ஆட்களுக்கு விடை தெரியும். பக்கத்தில் இருந்து பாருங்கள், வாய் மட்டும் திறக்க வேண்டாம்.

நீர்மட்டப் புதிர் நல்ல யோசனை. மாரியில் வாவி நிரம்பினால் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவது மட்டக்களப்பாருக்கு விளக்கத் தேவையில்லாத சங்கதி. ஆனால் மட்டம் இரண்டு போதும். 1998இல் வந்த ஒக்கரினா ஒஃப் டைம் என்ற நின்டெண்டோ கேமின் நீர்க்கோயிலில் மூன்று மட்டம். இப்போது தண்ணீர் எதில் நிற்கிறது, எங்கே போய் மாற்றுவது என்று மறந்து திண்டாடியவர்கள் ஏராளம். 2011இல் அதே கேமை 3டிஎஸ் என்ற கைக்கருவிக்குத் திருப்பிச் செய்தபோது, மட்டத்தை மாற்றும் இடங்களுக்கு வழிகாட்டச் சுவரில் நிறக்கோடுகளைச் சேர்த்தார்கள். தண்ணீருக்குள் அமிழ அடிக்கடி வேண்டியிருந்த இரும்புச் சப்பாத்தை மெனுவுக்குள் போய் மாட்டும் தொல்லையையும் எடுத்துவிட்டார்கள். உங்கள் கேமில் எந்த அறையில் நின்றாலும் தண்ணீர்க்கோடு ஒரு மூலையிலாவது தெரியட்டும்.

மீன் பாட்டுப் புதிரைக் கடைசிக்கு விடுங்கள். சத்தத்தை மட்டும் நம்பினால் சைலன்டில் விளையாடும் ஆளும் காது கேளாத ஆளும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். பாட்டு எந்தப் பக்கம் இருந்து வருகிறதோ அந்தப் பக்கத் தண்ணீரில் வளையம் வளையமாக அலை விரியட்டும். உயர்ந்த சுரத்துக்குச் சிறிய வளையம், தாழ்ந்ததற்குப் பெரியது. மூன்று சுரம் போதும்.