பழைய டீசல் டிரக்கில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒருசேரச் சூடாவது ஏன்?

1990களின் இறுதியில் வந்த ஃபோர்டு எஃப்-250, 7.3 லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்; டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேடேறும்போது இரண்டும் கொதிக்கின்றன என்பது கேள்வி. இவ்வண்டியில் கியர்பாக்ஸ் எண்ணெய் ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும் கூலர் வழியாகவும் ஓடுவதால் ஒன்றின் வெப்பம் மற்றதையும் பற்றிக்கொள்ளும்; ஆகவே எது முதலில் ஏறுகிறது என்பதே அடிப்படைக் கேள்வி. அதை அறிய எண்ணெய்க்குத் தனி வெப்பமானி பொருத்துவது, தெர்மோஸ்டாட்டையும் வாட்டர் பம்ப்பையும் ஊகத்தில் மாற்றுவதைவிட மலிவு.

எண்ணெய் முந்தினால், எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரைச் சந்தேகியுங்கள்; சீரான வேகத்தில் அது லாக் ஆகி, நழுவலின்றி இரண்டையும் நேரடியாக இணைக்க வேண்டும். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் செல்லும்போது, ஆக்ஸிலரேட்டரை விடாமல் பிரேக்கை மிக லேசாகத் தொட்டால், லாக் விடுபட்டு எஞ்சின் சுழற்சி சற்றே உயர வேண்டும். உயராவிட்டால் அது லாக் ஆகவே இல்லை, அந்த நழுவல்தான் முழுக்க வெப்பமாகிறது.

எஞ்சின் முந்தினால், சூட்டில் விசிறியை எஞ்சினோடு இணைக்கும் ஃபேன் கிளட்ச்சைப் பாருங்கள்: சூடேறியதும் விசிறியின் இரைச்சல் தெளிவாகக் கேட்க வேண்டும். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைந்திருப்பது முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. பிரித்துத்தான் கழுவ வேண்டும். கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கில் எண்ணெய் இளஞ்சிவப்புப் பால்போலத் தெரிந்தால் உள்கூலர் உடைந்து கூலன்ட் கலந்துவிட்டது. அதன்பின் வண்டியை ஓட்டாமல் கட்டியிழுத்தே கொண்டுசெல்ல வேண்டும்.