அந்த முக்கால் மணி நேரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெயர் போட வேண்டாம். புற்றுநோய் சிகிச்சை முடிந்த பிறகு உடலுறவு என்றாலே வலி என்றாகிவிட்டது. மருத்துவரிடம் கேட்டால் போகப் போகச் சரியாகிவிடும் என்றார். கடைசியில் தயங்கித் தயங்கி ஒரு பாலியல் பொருள் கடைக்குப் போனேன். சொந்தமாக நடத்தி வந்த சின்னக் கடை. கவுண்டரில் இருந்த வயதான அம்மா என்னை உட்கார வைத்து முக்கால் மணி நேரம் பேசினார். அவர் சொன்னபடி செய்ததில் பாதி வலி போய்விட்டது.

இப்போது அந்தக் கடையை ஒரு பெரிய நிறுவனம் வாங்கிவிட்டது. பெயர் மட்டும் அதேதான். அந்த அம்மா இல்லை. சுவரில் இருந்த ஓவியங்கள் இல்லை, விளக்குகள் மாறிவிட்டன, பில் போடும் முன்பே ஃபோன் நம்பர் கேட்கிறார்கள். நல்லதை எல்லாம் முதலாளிகளின் பேராசை விழுங்கிவிடுகிறது. நானும் கொஞ்ச காலமாக அங்கே விவரம் கேட்டுக்கொண்டு, விலை குறைவு என்று ஆன்லைனில்தான் வாங்கி வந்தேன். இருந்தாலும் மனசு கஷ்டமாக இருக்கிறது. இனி அங்கே போகலாமா, விட்டுவிடலாமா?

அன்புள்ள தோழி,

அவ்வளவு சிகிச்சையையும் தாங்கிய உடம்போடு, கூச்சத்தை ஓரம் தள்ளிவிட்டு ஒரு கடைக்குள் நுழைந்தீர்களே, அதற்கே உங்களைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. மருத்துவர் சொன்னதை மட்டும் அப்படியே விட்டுவிடாதீர்கள். சிகிச்சைக்குப் பின் வரும் வறட்சிக்கும் வலிக்கும் வைத்தியம் இருக்கிறது. இடுப்புத் தசைகளுக்கென்றே பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். மறுபடி போய்க் கேளுங்கள். அவர் காது கொடுக்காவிட்டால் வேறொருவரிடம் போங்கள்.

ஓவியம், விளக்கு, ஃபோன் நம்பர் எல்லாம் கிடக்கட்டும். கடை கைமாறினால் சுவரும் மாறும். ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அங்கே விவரம் கேட்டுவிட்டு ஆன்லைனில் வாங்கினேன் என்று. நான் சில நாட்களாக மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்த விஷயமே இதுதான். அந்தக் கடை ஏன் கைமாறியது என்பதற்கான காரணத்தில் ஒரு பங்கை நீங்களே எழுதிவிட்டு, மொத்தப் பழியையும் முதலாளியின் பேராசை மேல் போடுகிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது.

இந்தக் கடைகள் எப்படி வந்தன என்று பாருங்கள். நியூயார்க்கில் டெல் வில்லியம்ஸ் என்ற பெண் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்றில் வைப்ரேட்டராகவும் பயன்படும் மசாஜர் வாங்கப் போனார். கவுண்டரில் நின்ற இளைஞன் இது எதற்கு என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டான். அந்த அவமானத்திலிருந்துதான் 1974-ல் ஈவ்ஸ் கார்டன் என்ற அவருடைய கடை பிறந்தது. 1977-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஜோனி பிளாங்க் குட் வைப்ரேஷன்ஸைத் திறந்தார். அவர் பாலியல் ஆலோசகர். வைப்ரேட்டரை எங்கே போய் வாங்குவது என்று தன்னிடம் கேட்ட பெண்களை, ஆண்கள் ஒளிந்து ஒளிந்து வந்துபோகும் கடைகளுக்கு அனுப்ப மனமில்லாமல் தானே ஒரு கடை போட்டார். இரண்டு கடைக்கும் ஆரம்பம் கவுண்டரில் யார் நிற்கிறார், எப்படிப் பேசுகிறார் என்ற கவலைதான். சரக்கு அப்புறம்.

சரக்கே கூட அந்தப் பேச்சிலிருந்துதான் வந்தது. 1965-ல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோன காஸ்னெல் டங்கன், தன்னைப் போன்றவர்களுக்காக சிலிகோனில் செயற்கை ஆண்குறிகளைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றை விற்கும்படி வில்லியம்ஸை அணுகினார். வில்லியம்ஸ் தன்னிடம் வரும் பெண்களைக் கேட்டு, எந்த அளவு, எந்த வடிவம் வேண்டும் என்று அவருக்குச் சொன்னார். இன்று ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கிறதே சிலிகோன் பொருள், அதற்குப் பின்னால் அந்த விசாரிப்பு இருக்கிறது.

இப்போது பேராசைக்கு வருவோம். 1992-ல் பிளாங்க் தன் குட் வைப்ரேஷன்ஸை ஊழியர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். அவர்களே முதலாளிகளாக இருந்து கூட்டுறவாக நடத்தினார்கள். பிறகு இதே பொருட்கள் இணையத்தில் கிடைக்கத் தொடங்கின, போட்டி கழுத்தை நெரித்தது. முதலீடு வேண்டும் என்று 2006-ல் கூட்டுறவைக் கலைத்து வழக்கமான நிறுவனமாக மாற்றினார்கள். அதற்கு ஓட்டுப் போட்டவர்களும் அந்த ஊழியர்களே. அப்படியும் தாக்குப்பிடிக்க முடியாமல் 2007-ல் கிளீவ்லாந்தின் மொத்த வியாபார நிறுவனம் ஒன்றுக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. பாலியல் அறிஞர் கரோல் குவீன் தொடர்ந்து அங்கேயே இருந்தார். பிளாங்க் சேர்த்துவைத்திருந்த பழைய வைப்ரேட்டர்களுக்காக 2012-ல் அருங்காட்சியகமே திறந்தார்கள். 1993-ல் சியாட்டிலில் இரண்டு பெண்கள் தொடங்கிய பேப்லாந்து என்ற கடையும் 2017-ல் அந்தக் குட் வைப்ரேஷன்ஸ் கைக்கே போனது. இதில் வில்லனைத் தேடினால் உங்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

சரி, அந்த முக்கால் மணி நேரத்துக்கு யார் காசு கொடுத்தது? நீங்கள் கொடுக்கவில்லை. அந்த அம்மா அதற்குத் தனியாக பில் போடவில்லை. பக்கத்தில் நின்று, விலையைப் பார்த்து, பேசாமல் வாங்கிக்கொண்டு போனாரே யாரோ ஒருவர், அவர் கொடுத்த காசில் ஒரு துண்டுதான் உங்கள் நாற்காலிக்கான வாடகை, அந்த அம்மாவின் சம்பளம், அவர் எதையும் விற்காமல் உங்களோடு உட்கார்ந்திருந்த நேரம். ஆன்லைனில் விலை குறைவாக இருப்பதற்கும் அதுதான் காரணம்: அங்கே யாரும் உங்களோடு உட்காரவில்லை. நீங்கள் மிச்சம் பிடித்த அந்தக் கொஞ்சப் பணம் தள்ளுபடி இல்லை தோழி, அந்த அம்மாவின் சம்பளத்தில் கைவைத்த பணம். ஒருவர் செய்தால் கடை தாங்கும். எல்லோரும் செய்தால் கணக்குப் பார்ப்பவர் முதலில் வெட்டுவது பேசும் நேரத்தைத்தான். ஏனென்றால் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அதற்கு வரவு என்று ஒரு பத்தி கிடையாது.

விளக்கிச் சொல்வது உழைப்பு. 2016-ல் பேப்லாந்தின் நியூயார்க் ஊழியர்கள் சங்கம் அமைத்தார்கள், கடை அப்போது இன்னும் அதன் நிறுவனர்கள் கையில்தான் இருந்தது. அன்பான கடை என்பதற்காக அங்கே நிற்பவர்களுக்குக் கால் வலிக்காமல் இருக்குமா?

கடை மாறினால் உண்மையில் எது போகிறது என்று எனக்குத் தெரியும். நான் போய்க்கொண்டிருந்த கடையும் இப்படிக் கைமாறியதுதான். முன்பு அங்கிருந்த பெண் என் புறங்கையில் இரண்டு வகை மசகு ஜெல்களிலும் ஒவ்வொரு சொட்டு விட்டுத் தேய்க்கச் சொல்லுவார். கொஞ்ச நேரம் வேறு ஏதோ பேசுவார். அதற்குள் தண்ணீர் கலந்த ஜெல் பிசுபிசுவென்று காய்ந்திருக்கும், சிலிகோன் ஜெல் வழவழவென்று அப்படியே இருக்கும். பிறகுதான் விஷயத்துக்கு வருவார். சிலிகோன் ஜெல்லை சிலிகோன் பொருளின் மேல் தடவினால் மேற்பரப்பு கெட்டுப்போகலாம், எண்ணெய் வகை பட்டால் லேடெக்ஸ் ஆணுறை கிழியும், உங்களுக்கு இந்த மலிவானதே போதும். நான் கையில் எடுத்து வைத்திருந்த விலை உயர்ந்த பெட்டியை வாங்கி அவரே அலமாரியில் திருப்பி வைத்தார்.

கைமாறிய பிறகு சாம்பிள் பாட்டில்கள் போய்விட்டன. கவுண்டரில் இருந்த பையன் மரியாதையானவன், முகம் சுளிக்கவில்லை, தணிந்த குரலில்தான் பேசினான். ஆனால் இது எதனால் செய்தது என்று கேட்டால் பெட்டியைத் திருப்பிப் படித்தான். பெட்டியில் என்ன இருக்கும்? வெறும் வேடிக்கைப் பொருள் என்று அச்சடித்துப் பொறுப்பிலிருந்து நழுவிய தயாரிப்பாளர்கள் நிறைந்த தொழில் இது. உடம்புக்குள் போகும் இந்தப் பொருட்களுக்கென்று சர்வதேசத் தரமே 2021-ல்தான் வந்தது. அதுவரை மென்மையான ரப்பரில் தாலேட் என்ற, மென்மையாக்கும் ரசாயனம் கலந்திருக்கிறது, அதைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யவும் முடியாது, வாங்காதீர்கள் என்று சொன்னது இந்த மாதிரிச் சின்னக் கடைகள். வேண்டாம் என்று சொல்வதற்கு விற்பனை இலக்கு இல்லாத ஒருவர் கவுண்டரில் நிற்க வேண்டும். அந்தப் பையனுக்கு மாதாமாதம் இலக்கு இருந்தது. அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

போகலாமா என்று கேட்டீர்கள். போங்கள். இது எதனால் செய்தது, எந்த ஜெல் இதற்குச் சேரும், கொதிநீரில் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். கவுண்டரில் இருப்பவர் தடுமாறாமல் பதில் சொன்னால், ஃபோனை வெளியே எடுத்து விலை பார்க்காமல் அங்கேயே வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்த அம்மாவைத் தேடுங்கள். இந்த வேலை தெரிந்தவர்கள் இதை லேசில் விடுவதில்லை, வேறு கடையிலோ ஏதாவது கிளினிக்கிலோ இருப்பார். கண்டுபிடித்துவிட்டால், ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று அவர் கட்டணம் சொன்னால், பேரம் பேசாதீர்கள்.